முதல் வரிசை, ஏழாம் நாற்காலி

இல்லை, எழுந்திருக்காதீர்கள். ஜன்னலோரம் என்னுடைய சீட்டுதான், இருந்தாலும் நீங்களே உட்காருங்கள். ரயிலில் எந்த இடம் கிடைத்தாலும் எனக்குக் கவலையில்லை. நான் சண்டை போட்டது வேறோர் இடத்துக்கு. நாடே பேசிய சண்டை. கேள்விப்படவில்லையா? கோயம்புத்தூர்ப் பத்திரிகைகளில் வந்திருக்காது. குரோம்பேட்டைப் பத்திரிகைகளிலும் வரவில்லை, அது வேறு விஷயம்.

என் பெயர் ஏகாம்பரம். மின்சார வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி பெயர் காமாட்சி. காஞ்சிபுரத்தில் பிறந்து ஏகாம்பரம் என்று பெயர் வைத்துக்கொண்டவனுக்கு வேறு பெயரில் பெண் கொடுக்க யாரும் துணியவில்லை.

எங்கள் பேட்டையில் நாத விலாச சபா என்று ஒன்று இருக்கிறது. அதில் முதல் வரிசையில் ஏழாவது நாற்காலி எனக்கு. மிருதங்கக்காரருக்கு நேர் எதிரே. டிக்கெட் கிடையாது, பாஸ் கிடையாது, ஆயுள் பரியந்தம் எனக்குத்தான். எப்படி வந்தது தெரியுமா? ஆலங்குளம் சப்தரிஷி பாகவதர் தோடி பாடிக்கொண்டிருக்கிறார். மேல் ஷட்ஜத்தைத் தொடுகிற நேரம் பார்த்துக் கரண்டு போய்விட்டது. நான் வெளியே ஓடினேன், கம்பத்தில் ஏறினேன், பியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கம்பி சுற்றிப் போட்டேன், இறங்கினேன், கை கழுவினேன், ஒரு காப்பி குடித்துவிட்டு உள்ளே வந்தேன். மனுஷர் அதே ஷட்ஜத்தில் நிற்கிறார். மூச்சே விடவில்லை. சரி, காப்பி குடித்தது பொய், ஒப்புக்கொள்கிறேன். மற்றதெல்லாம் சத்தியம்.

அன்றிலிருந்து அந்த நாற்காலி என்னுடையது. முதல் வரிசையில் உட்காருவது சும்மா இல்லை சார். அது ஓர் உத்தியோகம். பாடகர் ராகத்தை ஆரம்பித்ததும் அது இன்ன ராகம் என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். தொடையில் தட்டித் தாளம் போட வேண்டும். நல்ல இடம் வந்தால் 'பலே' சொல்ல வேண்டும், ரொம்ப நல்ல இடம் என்றால் 'அடடா', சுமாரான இடம் என்றால் நாக்கால் ஒரு 'ச்சு'. இதையெல்லாம் சத்தமாகச் செய்யாவிட்டால் மேடையில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? நான் ஜுரத்தில் படுத்த வருஷம் மூன்று வித்வான்களுக்குத் தாளம் தப்பிவிட்டதாகச் சொன்னார்கள். சொன்னது யார் என்று கேட்காதீர்கள்.

அப்புறம், தனி ஆவர்த்தனம். பாடகரும் பிடில்காரரும் ஓய்வெடுத்துக்கொள்ள, மிருதங்கக்காரர் ஒருவரே வாசிப்பாரே, அது. அந்த நேரம் நான் எழுந்து கேன்டீனுக்குப் போய்விடுவேன். நான் மட்டுமா, சபாவே எழுந்து போகும். எங்கள் சபா கீரை வடையைச் சூடாகத் தின்ன வேண்டும் என்றால் வேறு நேரம் கிடையாது. மிருதங்கக்காரர்களுக்கும் இது தெரியும். முதுகுகளைப் பார்த்து வாசித்தே பழகியவர்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில் போன மார்கழியில் ஒரு பெண் வந்து ஏறினாள். எனக்கு நேர் பின்னால் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தாள். ஜெஸ்லின் என்று பெயர். நாகர்கோவில் பக்கம். இங்கே இசைக் கல்லூரியில் படிக்கிறாள். கையில் சோப்பு டப்பா அளவில் ஒரு ரெக்கார்டர். அதை என் நாற்காலி முதுகில் கிளிப் போட்டு மாட்டினாள்.

"என்னம்மா இது?"

"காலேஜ் வேலை தாத்தா. இங்க வச்சாத்தான் நல்லா பதியுது."

"மேடை அங்க இருக்கு."

"அது தெரியும் தாத்தா. நீங்க எப்பவும் போல இருங்க."

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. என் விமர்சனம் இல்லாமல் வெறும் பாட்டை மட்டும் பதிந்து என்ன பிரயோஜனம்? கெட்டிக்காரப் பெண். நான் அன்றிலிருந்து கொஞ்சம் கூடுதல் சத்தமாகவே பேசினேன். படிக்கிற பிள்ளைக்கு உதவ வேண்டாமா?

சபா செகரட்டரி கோதண்டராமன் ஆவணி மாதம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர். நெற்றியில் சந்தனம், வயிற்றில் அல்சர். நாற்காலியைக் கூடப் போடாமல் ஆரம்பித்துவிட்டார்.

"ஏகாம்பரம், ஒங்க மேல கம்ப்ளெய்ண்ட் வந்துண்டே இருக்கு."

"யாரு சொன்னது?"

"யாரு சொல்லலைன்னு கேளுங்கோ. போன சீசன்ல பிடில் வாசிச்ச பையன் அடுத்த வருஷம் வரணும்னா ஒங்களக் கட்டிப் போடணும்கறான். கமிட்டியில பேசியாச்சு. எண்ணெய்க் கம்பெனிக்காரா ஸ்பான்சர் பண்றா. முதல் வரிசை முழுக்க அவாளுக்கு சோபா."

அந்த நாற்காலி போனால் நான் மார்கழியில் எங்கே போவேன்? வீட்டிலா? காமாட்சி தாங்குவாளா? சார், வருஷம் பூராவும் நான் உட்கார்ந்திருப்பது அந்த ஒரு மாதத்துக்காகத்தான். மற்ற பதினொரு மாதமும் நான் சொல்வதை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? பால்காரன் கூடப் பையைப் போட்டுவிட்டு ஓடுகிறான். நான் பேசாமல் நின்றேன். நான் பேசாமல் நிற்பதைக் கோதண்டராமன் அதற்கு முன் பார்த்ததில்லை. பயந்துவிட்டார்.

"ஒரே ஒரு வழி இருக்கு," என்றார். "புரட்டாசியில காலேஜ் பசங்க கச்சேரி. அவாளே புதுசா எழுதின இசை. ராகம் இருக்காது, தாளம் இருக்காது, கூட்டமும் இருக்காது. காலேஜுக்கு வாக்கு குடுத்துட்டேன், காலி நாற்காலிய வச்சுண்டு நடத்த முடியாது. நீங்க வந்து ஒங்க எடத்துல ஒக்காரணும். ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும். நடுவுல எழுந்திருக்கப்படாது. முக்கியமா, வாயத் தொறக்கப்படாது. ஒரு பலே, ஒரு ச்சு, ஒண்ணும் கூடாது. அப்படி இருந்தேள்னா கமிட்டியில நான் பேசறேன். நாற்காலி ஒங்களுக்கு."

"இவ்வளவுதானே?" என்றேன்.

வீட்டில் வந்து சொன்னேன். காமாட்சி அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"நீங்க ரெண்டு மணி நேரம் வாயத் திறக்காம இருக்கறதா? அதுக்கு உங்க வாயில நான் அரிசி போட்டப்புறம்தான்."

ஆனாலும் நல்லவள். கச்சேரிக்குக் கிளம்பும்போது ஒரு முழுக் கொட்டைப்பாக்கைக் கொண்டுவந்து என் கன்னத்தில் அடக்கினாள். "கடிச்சிடாதீங்க. பேச்சு வந்தா இதை நாக்கால உருட்டுங்க," என்றாள்.

கச்சேரி. என்ன சொல்ல? முதலில் ஒரு பையன் வந்தான். வீணையைக் குப்புறப் போட்டு அதன் முதுகில் தட்டினான். பெற்ற தாய் குழந்தைக்கு ஏப்பம் வரத் தட்டுவதைப் போல ரொம்ப அன்பாகத்தான் தட்டினான், இல்லை என்று சொல்லவில்லை. ஏப்பம் வரவில்லை. அடுத்து மூன்று பேர் புல்லாங்குழலோடு வந்தார்கள். ஊதுகிறார்கள், காற்று மட்டும் வருகிறது. என் பெரியப்பாவின் ஆஸ்துமா இதைவிடச் சுருதியோடு இருக்கும். அப்புறம் நாகஸ்வரமும் பிரஷர் குக்கரும். குக்கர் நன்றாக வாசித்தது. விசில் வரிசையாக வந்துகொண்டே இருந்ததில் எனக்குப் பின்னால் இருந்த ஓர் அம்மாள் அடுப்பை அணைக்க எழுந்தே விட்டாள். எழுந்தவள் அப்படியே வெளியே போய்விட்டாள்.

ஜனங்கள் கரைய ஆரம்பித்தார்கள். எங்கே கை தட்டுவது என்றே தெரியாத கச்சேரியில் எத்தனை நேரம் உட்காருவது? கேன்டீனில் வேறு வடை போட்டுவிட்டான். அந்த வாசனை வந்து என் தோளைத் தொட்டது. என் கைக்கு வேலை இல்லை. தட்டுவதற்குத் தாளம் இருந்தால்தானே? விரல்களை முழங்காலின் மேல் பரப்பி வைத்துக்கொண்டு, டாக்டர் நகத்தைப் பார்க்கப் போவது போல உட்கார்ந்திருந்தேன். பக்கவாட்டுக் கதவில் கோதண்டராமன் நின்று என்னையே பார்க்கிறார். நான் பாக்கை உருட்டினேன். இந்தக் கன்னம், அந்தக் கன்னம். ஒரு வார்த்தை வெளியே வரவில்லை சார். எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

கடைசியாக ஜெஸ்லின் வந்தாள். நாலு வயலின், ஒரு மிருதங்கம், இரண்டு பக்கமும் பெரிய ஸ்பீக்கர். மைக்கில் பேசினாள்.

"இதுக்குப் பேரு 'முன் வரிசை'. போன மார்கழியில இந்த சபாவுல எனக்குக் கிடைச்ச சத்தங்கள வச்சு எழுதினது." அப்படிச் சொல்லி என்னைப் பார்த்துக் கை கூப்பினாள். பெரியவர்களைக் கண்டால் கும்பிடத் தெரிந்த பெண்.

ஆரம்பித்தது. ஸ்பீக்கரில் முதலில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு யாரோ பொடி டப்பாவைத் தட்டினார்கள். ஒரு தும்மல். நாலு வயலினும் அந்தத் தும்மலை வாங்கி, ஒன்று மாற்றி ஒன்று தும்மின. பிறகு ஒரு கிழவன் குரல். குரலா அது? கிணற்றில் பாதாளக் கரண்டி போட்டு இழுத்தது மாதிரி.

"ரீதிகௌளை. நான் சொல்லல? ரீதிகௌளையேதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு சபாவில் உட்கார்ந்துகொண்டு இவ்வளவு சத்தமாகவா பேசுவான் ஒருவன்? அவன் தொடையில் தட்டுகிற சத்தம் வருகிறது, ஒவ்வொரு தட்டும் அரை வீசம் தள்ளி விழுகிறது. அவன் 'பலே' சொல்கிறான், அதுவும் இடம் தாண்டித்தான். அந்த மிருதங்கக்காரப் பையன் முத்துவேலன் என்ன செய்தான் தெரியுமா? அந்தத் தப்பையே கணக்காக எடுத்துக்கொண்டு, பலே விழுகிற இடத்தில் எல்லாம் ஒரு தீர்மானம், அதாவது முத்தாய்ப்பு, வைத்தான். அந்த நொண்டித் தாளம் அப்படியே எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டது. வயலின்காரர்கள் அதன் பின்னால் நொண்டுகிறார்கள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல்.

சபாவில் சிரிப்பு கிளம்பியது. கேன்டீனுக்குப் போனவர்கள் எல்லாம் கையில் வடையோடு திரும்பி வந்து சுவரோரம் நிற்கிறார்கள். எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். இதென்ன புதுசா? ஒரு விஷயம் புரியாவிட்டால் இந்த சபாவே என் முகத்தைத்தான் பார்க்கும். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருக்கிறார்கள். நான் பாக்கை உருட்டுகிறேன்.

அப்போது அந்த ஸ்பீக்கர் கிழவன் கதை சொல்ல ஆரம்பித்தான். "இந்த சபாவுல ஒரு நாள் கரண்டு போச்சு. பாகவதர் ஷட்ஜத்துல நிக்கறாரு. நான் கம்பத்துல ஏறி, இறங்கி, ஒரு காப்பி குடிச்சிட்டு..."

சார், என் கதை. நான் செய்ததை அவன் செய்ததாகச் சொல்கிறான். அந்தக் காப்பியைக் கூட விடாமல் எடுத்துக்கொண்டான். உலகத்தில் எதை வேண்டுமானாலும் திருடுங்கள், ஒரு மனிதன் பாடுபட்டுச் சோடித்த கதையைத் திருடலாமா? அதையும் பொறுத்துக்கொண்டேன். நாற்காலிக்காகப் பொறுத்தேன். ஆனால் அவன் அந்தக் கதையை முடித்துவிட்டு மறுபடியும் "ரீதிகௌளை" என்றான் பாருங்கள், பின்னால் மெல்லிசாக ஓடிக்கொண்டிருந்த பாட்டு எனக்குத் தெளிவாகக் கேட்டுவிட்டது. நான் எழுந்து நின்றேன்.

"ஆனந்தபைரவிடா, மடையா."

வாயைத் திறந்த வேகத்தில் பாக்கு பறந்தது. பறந்து போய் மிருதங்கத்தின் வலந்தலையில் விழுந்து 'தின்' என்றது. சுத்தமான சுருதி. இதில் துளிப் பொய் கிடையாது, வேண்டுமானால் அந்தப் பையன் நம் கோச்சில்தான் மேல் பெர்த்தில் தூங்குகிறான், எழுப்பிக் கேளுங்கள்.

சபா சிரிப்பில் இடிந்து விழுந்தது. ஓரமாக நின்ற ஜெஸ்லின் நிறுத்தச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் கையை வட்டமாகச் சுழற்றி, வாசியுங்கள் வாசியுங்கள் என்கிறாள். சரி, போனது போய்விட்டது என்று நானும் உட்கார்ந்துகொண்டு சரியான தாளத்தைப் போட்டேன். அவன் தப்பான இடத்தில் பலே என்றால் நான் சரியான இடத்தில் பலே என்றேன். முத்துவேலன் இரண்டு பேருக்கும் சேர்த்து வாசித்தான். இந்தக் கைக்கு அவன், அந்தக் கைக்கு நான். அவனுடைய பலேக்கும் என்னுடைய பலேக்கும் நடுவில் இருந்த அந்த அரை வீசம் இருக்கிறதே, அதற்குள் நாலு வயலினும் புகுந்து புறப்பட்டன. என் வாழ்க்கையில் அப்படி ஒரு சவாரி போனதில்லை.

பிறகு ஒன்று நடந்தது. இதைச் சிரிக்காமல் கேளுங்கள்.

வயலின்கள் நின்றன. மிருதங்கம் மட்டும் தனியாக. தனி ஆவர்த்தனம் என்று புரிந்துகொண்டேன். உடனே ஸ்பீக்கரில் அந்தக் கிழவனின் நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்துவிட்டான். செருப்புச் சத்தம் போகிறது. கதவு திறந்து மூடுகிறது. தூரத்தில் டம்ளர்கள், யாரோ "சட்னி போடு" என்கிறார்கள். அவ்வளவுதான். காலி நாற்காலி. அந்தப் பையன் வாசிக்கிறான். யாருக்கு என்று தெரியாமல், மெதுவாக, மழை விட்ட பிறகு கூரையிலிருந்து சொட்டுவது போல வாசிக்கிறான். சபாவில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். வடையைக் கையில் வைத்திருந்தவர்கள் மெல்லுவதைக் கூட விட்டுவிட்டார்கள்.

எனக்கு அந்த ஆள்மேல் வந்த கோபம் இருக்கிறதே. ஒரு சின்னப் பிள்ளை உயிரைக் கொடுத்து வாசிக்கிறான், ஒரு வடைக்காக எழுந்து போகிறாயே, நீ மனுஷனா? பலே வேறு சொல்கிறாயா பலே? நான் எழுந்திருக்கவே இல்லை. தாளம் கூடப் போடவில்லை. அந்தப் பையன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தனி ஆவர்த்தனம் எப்படி முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மூன்று தடவை அதையே வாசித்து முடிப்பார்களாம். யாரும் எனக்குச் சொல்லவில்லையே.

கண்ணில் தண்ணீர் வந்ததா என்று காமாட்சி கேட்டாள். கேன்டீனில் மிளகாய் வறுத்திருப்பான்.

கச்சேரி முடிந்தது. எழுந்து நின்று தட்டினார்கள். பாதிப் பேர் மேடையைப் பார்த்துத் தட்டினார்கள், பாதிப் பேர் என்னைப் பார்த்து. கோதண்டராமன் வந்தார். மனிதர் அழுதிருந்தார், சிரித்து அழுதாரா, வேறு மாதிரியா என்று தெரியவில்லை.

"வாயத் தொறந்துட்டேளே ஏகாம்பரம்."

"அவன் ரீதிகௌளைங்கறான்."

"யாரு?"

"அந்த ஸ்பீக்கர் ஆளு."

கோதண்டராமன் ஸ்பீக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தோளில் கை வைத்தார். "கமிட்டி கமிட்டிதான். சோபா வந்துடும். என்னால ஒண்ணும் பண்றதுக்கில்ல," என்றார்.

போயிற்று. ஏழாம் நாற்காலி போயிற்று. வராண்டாவில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள், அதன் மேலேயே துடைப்பத்தைச் சாத்தி வைத்தார்கள்.

நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஜெஸ்லின் ஓடி வந்தாள்.

"தாத்தா, கோவமா?"

"உன் மேல எனக்கென்னம்மா கோவம்? நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா ஒண்ணு சொல்றேன், வருத்தப்படாத. அந்தக் கிழவன எடுத்துட்டு வேற ஆளப் போடு. தாளஞானமே கிடையாது. திருட்டுப் பய வேற."

முத்துவேலன் பின்னால் நின்று எதற்கோ இருமினான்.

"அவர விட்டா எனக்கு வேற ஆளு இல்ல தாத்தா," என்றாள். "எனக்கு அவரு மேல ரொம்பப் பிரியம்."

"அப்படின்னா அவன் பக்கத்துல தெரிஞ்சவன் ஒருத்தன் உட்காரணும். அப்பப்ப திருத்தறதுக்கு."

"வருவீங்களா?" என்றாள் உடனே. "கோயம்புத்தூர்ல காலேஜெல்லாம் சேந்து ஒரு விழா நடத்துதாங்க. எங்களக் கூப்பிட்டிருக்காங்க. மேடையிலேயே உங்களுக்கு நாற்காலி போடுகேன்."

மேடையிலேயே. கேட்டீர்களா? முதல் வரிசை எல்லாம் எண்ணெய்க் கம்பெனிக்காரன் உட்காரட்டும். மேடையில் உட்காருகிறவனுக்கு வரிசை ஏது? அவள் கோதண்டராமனிடம் கேட்டு அந்தப் பழைய நாற்காலியையே வாங்கிவிட்டாள். இதே ரயிலில் பார்சல் வேனில் வருகிறது. அந்தக் கிறீச் வேறு எந்த நாற்காலியிலும் வராதாம்.

காமாட்சிதான் ஏதோ சொல்கிறாள். ஜெஸ்லின் அந்த ஒலிப்பதிவை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுக் காட்டினாள். பாதிகூடக் கேட்கவில்லை, காமாட்சி என்னைப் பார்த்து, "ஏங்க, இது யாருன்னு நெஜமாவே தெரியலையா?" என்றாள். "குரோம்பேட்டைல பலே சொல்ற கிழவன் எத்தனையோ பேரு," என்றேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்குக் காது அவ்வளவு சரியில்லை. வீட்டில் நான் பேசுவது பாதி கேட்பதில்லை என்று அவளே சொல்வாள்.

ஒத்திகை போன வாரம் நடந்தது. மற்றதெல்லாம் சரியாக வந்துவிட்டது. தனி ஆவர்த்தனம் வந்ததும் ஜெஸ்லின் நிறுத்தினாள்.

"இந்த எடத்துல ஸ்பீக்கர்ல அவரு எந்திரிச்சுப் போயிருவாரு. சபை உங்களத்தான் பாக்கும். நீங்க என்ன செய்யப் போறீங்க தாத்தா?"

"நீ சொல்லு. எழுதினது நீதான."

"நான் அத எழுதல. அந்த எடத்த உங்களுக்கு விட்டிருக்கேன்."

முத்துவேலன் மிருதங்கத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தான். "அவன் போகட்டும். நான் உட்கார்ந்திருக்கேன்," என்றேன். அந்தப் பையன் குனிந்தான். இடந்தலையில் ஒட்டிய ரவையைக் கொஞ்ச நேரம் திருத்திக்கொண்டே இருந்தான்.

ஆனால் சார், எனக்கென்று ஒரு கஷ்டம் இருக்கிறதல்லவா? அவ்வளவு நேரம் கையும் ஓடாமல் வாயும் ஓடாமல் எப்படி உட்காருவது? அதனால் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அம்மா, அந்த நேரத்துல, சத்தம் வராம, ஓரமா, ஒரு முறுக்கு தின்னுக்கலாமா?"

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். முத்துவேலனைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான்.

"கைமுறுக்கா, தேன்குழலா தாத்தா?"

"எதுவா இருந்தா என்ன?"

"ரெண்டுக்கும் சத்தம் வேற. ரெண்டும் கொண்டு வாங்க, நான் கேட்டுப் பாக்கேன்."

அதனால்தான் இந்த இரண்டு டப்பா. காமாட்சி நேற்று முழுக்கச் சுட்டாள். ஜெஸ்லினும் அந்தப் பையனைப் போலத் தூங்குகிறாள், ஈரோடு தாண்டித்தான் எழுந்திருப்பாள். நாமே அதற்குள் முடிவு செய்துவிடலாம். இந்தாருங்கள், முதலில் கைமுறுக்கு. அவசரப்படாமல் கடியுங்கள், நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.